லைஃப் சிமுலேஷன் கேமில் ஏஐ இருந்தால் பிள்ளைக்கு வாங்கித் தரலாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பெற்றோர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: பத்தாம் வகுப்பு முடித்த மகள், வீடு கட்டிக் குடும்பம் நடத்தும் லைஃப் சிமுலேஷன் கேம்களில் ஆர்வமாக இருக்கிறாள். இப்போது இன்ஸாய் என்ற கேமுக்காகப் புதுக் கம்ப்யூட்டர் கேட்கிறாள். அதில் ஏஐ இருக்கிறதாம், ஆபத்தா? பார்க்க ஒரே கேள்விதான், உள்ளே நான்கு இருக்கின்றன. வீட்டில் பேசுவதும் படங்களும் வெளியே போகுமா? கேரக்டரோடு பேசிப் பேசிப் பிள்ளை அதிலேயே கிடப்பாளா? ஊரார் வரைந்த படத்தை அள்ளிச் செய்த பொருளுக்கு நாம் காசு கொடுக்கிறோமா? நான்காவதைத் தயங்கிக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்: ‘ஓசூர், பெங்களூர் பக்கம் கேம் ஆர்ட்டிஸ்ட் ஆகணும் என்கிறாள், அந்த வேலை இனிமேல் இருக்குமா?’ நான்குக்கும் ஒரே பதில் கிடையாது. ஒன்றில் பயப்பட அதிகமில்லை, ஒன்றில் நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகவே கவனம் வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடுவோம். இந்த வகை கேம்களில் ஏஐ என்ற பேச்சு பல வருஷமாக உண்டு. 2000 பிப்ரவரியில் வந்த தி சிம்ஸ் கேமில் ஒவ்வொரு கேரக்டருக்கும் பசி, தூக்கம், சுத்தம், பொழுதுபோக்கு என்று எட்டுத் தேவைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நேரம் போகப்போக எண் இறங்கும். வீட்டுப் பொருட்கள்தான் ஆளைக் கூப்பிடும்: ஃபிரிட்ஜ் ‘பசிக்கு இவ்வளவு தருவேன்’ என்னும், கட்டில் ‘தூக்கத்துக்கு இவ்வளவு’ என்னும், சந்தையில் கடைக்காரர்கள் கூவுகிற மாதிரி. எந்தத் தேவை எவ்வளவு இறங்கியிருக்கிறது, பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, மேலே வரும் சிலவற்றில் ஒன்றைக் குலுக்கி எடுப்பார்கள். குலுக்காமல் முதலிடத்தில் வருவதையே எடுத்தால் எல்லாரும் ஒரே மாதிரி நடப்பது இரண்டாம் நாளே கண்ணில் பட்டுவிடும். இதில் எதுவும் கற்றுக்கொள்வதில்லை, எதையும் புதிதாக எழுதுவதில்லை, யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை. இதையும் ஏஐ என்றுதான் சொல்லி வந்தார்கள். ஆகவே ‘கேமில் ஏஐ இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், அதற்குள் தகவல் எதுவும் இல்லை.

நீங்கள் கேட்பது ஜெனரேட்டிவ் ஏஐ, அதாவது எழுத்து, படம், குரல், அசைவு ஆகியவற்றைப் புதிதாக உண்டாக்கும் மாடல்கள். அவை ஒரு கேமுக்குள் மூன்று இடங்களில் வரலாம். கேமைத் தயாரிக்கும்போது ஸ்டூடியோவுக்குள் ஓடியிருக்கலாம், உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடலாம், அல்லது எங்கோ இருக்கும் செர்வரில் ஓடி இன்டர்நெட் வழியாகப் பதில் வரலாம். இடம் மாறினால் கவலையும் மாறும். இந்த மூன்றையும் கலந்து பேசுவதால்தான் ஒருவர் ‘ஒன்றுமில்லை’ என்கிறார், இன்னொருவர் ‘உலகமே முடிந்தது’ என்கிறார்.

இன்ஸாய் 2025 மார்ச் 28 அன்று ஏர்லி ஆக்சஸ் நிலையில், அதாவது முழுதாக முடியும் முன்பே விற்பனைக்கு விடும் நிலையில் வெளியானது. செய்தது தென்கொரியாவின் கிராஃப்டான், நம்மூர்ப் பையன்கள் விளையாடும் பிஜிஎம்ஐயை நடத்தும் அதே நிறுவனம். அதில் ஜெனரேட்டிவ் ஏஐ நான்கு வடிவில் இருக்கிறது. சொற்களைத் தட்டினால் உடைக்கோ சோபாவுக்கோ டிசைன் வரையும். ஒரு போட்டோவைக் கொடுத்தால் அதைப் பொருளாக்கித் தரும். வீடியோவைக் கொடுத்தால் அதிலுள்ள அசைவைக் கேரக்டருக்கு மாட்டும். நான்காவது ஸ்மார்ட் ஸாய்: ஒரு கேரக்டரின் குணத்தை இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தால், அதற்கேற்ப அது யோசிப்பதாக எழுத்தில் காட்டி, தன் நாளைத் திட்டமிடும். இதற்குக் கிராபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியா நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில், மிஸ்ட்ரல் நீமோ மினிட்ரான் என்ற மாடல் வழி வந்த சின்ன மொழி மாடலைப் பயன்படுத்துகிறார்கள். மொழி மாடல் என்பது எழுத்தைப் படித்து எழுத்தை உண்டாக்குவது. இதில் 50 கோடி அளவுருக்கள், அதாவது பயிற்சியில் படிந்த எண்கள். அளவுரு ஒன்றுக்கு 2 பைட் என்று வைத்தால் சுமார் 1 ஜிபி, நான்கு பிட்டாகச் சுருக்கினால் கால் ஜிபி. கிராபிக்ஸ் கார்டின் மெமரியில் கேமின் படங்களுக்குப் பக்கத்திலேயே இதுவும் இடம் பிடித்துக்கொள்ளும். பெரிய சாட்பாட்களோடு ஒப்பிட்டால் மிகச் சின்ன மாடல். இந்த வசதிகள் கம்ப்யூட்டரிலேயே ஓடுகின்றன, செர்வருக்குக் கேள்வி அனுப்புவதில்லை என்று கேம் வெளியான சமயத்தில் நிறுவனம் சொன்னது. மாடல் சின்னது என்பதால் இது நம்பக்கூடியதுதான். ஆனாலும் நிறுவனத்தின் வாக்குதான், எந்த அப்டேட்டிலும் மாறலாம். அதைச் சோதிக்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

அந்தச் சின்ன மாடல் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். கேம் முதலில் கேரக்டரின் நிலையை எழுத்தாக்கும்: பெயர், குணம், நிற்கும் இடம், சற்றுமுன் நடந்தது, இப்போது செய்ய முடிந்த செயல்களின் பட்டியல். மாடல் அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காரணமாக ஒரு வரி எழுதித் தரும். கேம் அது பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முன்பே செய்து வைத்த அசைவை ஓட்டும். பட்டியலுக்கு வெளியே மாடல் என்ன எழுதினாலும் ஒன்றும் நடக்காது. ‘கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போகிறேன்’ என்று கேரக்டர் நினைத்தாலும், இறைக்கும் அசைவை யாரும் செய்து வைக்காவிட்டால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். ஆக, புத்திசாலித்தனம் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி தலைக்கு மேலே தெரியும் எழுத்து.

பெரிய மாடலை வைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. 2023 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு, கூகுள் ஆய்வாளர்கள் தி சிம்ஸ் பாணியில் ஸ்மால்வில் என்ற சின்ன ஊரைச் செய்து, 25 கேரக்டர்களைப் பெரிய மொழி மாடலில் ஓட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் நடந்ததை எழுதிவைக்கும் நினைவேடு, அதைச் சுருக்கிச் சிந்திக்கும் படி, நாளைத் திட்டமிடும் படி. ஒருத்திக்குக் காதலர் தின விருந்து வைக்கும் எண்ணத்தை மட்டும் கொடுத்தார்கள், சேதி தானாகவே ஊரில் பரவிச் சிலர் விருந்துக்கும் வந்தார்கள். இதைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே கட்டுரையில் இருக்கும் பிழைகளை யாரும் சொல்வதில்லை. ஒருவர் மட்டுமே போகக்கூடிய குளியலறைக்குள் இரண்டு பேர் போனார்கள், மாலையில் பூட்டிய கடைக்குள் நுழைந்தார்கள், மனைவி கணவனிடம் அலுவலகக் கடிதம் போலப் பேசினாள், விருந்து வைத்தவள் யார் எந்த யோசனை சொன்னாலும் அரிதாகவே மறுத்தாள். இரண்டு நாள் ஓட்ட ஆயிரக்கணக்கான டாலர் செலவு. ஒரு கேமின் எல்லாக் கேரக்டருக்கும் பெரிய மாடலைத் தாராளமாகத் திறந்துவிட நிறுவனங்கள் தயங்க இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அந்தக் கடைசிப் பிழைதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். உதவியாளராகப் பழக்கப்படுத்திய மாடல், கேட்பவருக்கு ஒத்துப்போகவே பார்க்கும். லைஃப் சிமுலேஷன் கேமுக்கு அது விஷம். மாமியார் முறைக்க வேண்டும், தங்கை கோபித்துக்கொண்டு கதவைச் சாத்த வேண்டும், வேலைக்கு விண்ணப்பித்தால் கிடைக்காமல் போக வேண்டும். எல்லாரும் எதற்கும் ‘சரி’ என்றால் பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும். அலுக்காவிட்டால் அதைவிட மோசம். பதினைந்து வயதில் மறுப்பே சொல்லாத ஓர் ஆளோடு தினமும் இரண்டு மணி நேரம் பழகுவதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு இழப்பும் இருக்கிறது, இதை யாரும் ஆபத்துப் பட்டியலில் சேர்ப்பதில்லை. தி சிம்ஸ் கேரக்டர்கள் பேசுவது சிம்லிஷ் என்ற அர்த்தமில்லாத மொழி, நடிகர்கள் வாய்க்கு வந்தபடி பேசிப் பதிந்தது. ஒரே வசனம் திரும்பத் திரும்ப வந்தால் சலித்துவிடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அர்த்தம் இல்லாததால் விளையாடுபவரே கதையைப் போட்டுக்கொள்வார். இரண்டு பேர் கையை ஆட்டிக் கத்தினால், சொத்துத் தகராறா, சமையலில் உப்பு கூடியதா என்று தீர்மானிப்பது உங்கள் மகள். மாடல் வந்து ‘இன்று என் மனம் சோர்வாக இருக்கிறது’ என்று எழுதிக் காட்டினால் அந்த இடம் அடைபட்டுவிடுகிறது. இது என் அபிப்பிராயம், நிரூபணம் எதுவும் கிடையாது. ஆனால் இந்த கேம்களைப் பிள்ளைகள் ஏன் விரும்புகிறார்கள் என்று யோசித்தால், கேரக்டரின் அறிவைவிட அந்தக் காலி இடம்தான் பெரிய காரணமாகப் படுகிறது. ஸ்மார்ட் ஸாய் வசதியை அணைத்து வைத்தும் கேம் ஓடும். இரண்டு விதமாகவும் ஒரு வாரம் விளையாடிப் பார்க்கச் சொல்லுங்கள், எது பிடித்தது என்று அவளே சொல்வாள்.

தமிழில் பேசுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இன்ஸாய், சிம்ஸ் இரண்டிலும் தமிழ் இடைமுகம் இல்லை. சின்ன மாடலிடம் தமிழில் எழுதிக் கொடுத்தாலும் தடுமாறும். காரணம் எளிது: ‘அம்மா’ என்பது கம்ப்யூட்டருக்கு ஐந்து குறி, குறிக்கு 3 பைட் வீதம் 15 பைட். ஆங்கிலத்தில் அதே சொல்லுக்கு 6 பைட் போதும். தமிழைக் குறைவாகப் பார்த்த மாடல் இந்தச் சொல்லைத் துண்டு துண்டாக உடைத்துப் படிக்கும், அதனால் நினைவில் கொள்ளும் அளவும் சுருங்கும், வேகமும் குறையும். பெரிய மாடல்களே அம்மா மகளை ‘நீங்கள்’ என்று கூப்பிட வைக்கின்றன, தர்மபுரிப் பக்கத்துப் பேச்சு என்று கேட்டால் சினிமா மதுரைத் தமிழைத் தருகின்றன.

இப்போது செர்வர் விஷயம், கூடுதல் கவனம் வேண்டும் என்று சொன்னது இதைத்தான். பதில் செர்வரிலிருந்து வந்தால், பிள்ளை தட்டும் ஒவ்வொரு வரியும் அங்கே போகிறது. லைஃப் சிமுலேஷன் கேமில் பிள்ளைகள் தங்கள் வீட்டைத்தான் கட்டுவார்கள். அப்பா பெயர், பள்ளி, யாரோடு சண்டை, யாரைப் பிடிக்கும் என்பதெல்லாம் கேரக்டரின் குணக்குறிப்பில் போய் உட்காரும். துப்பாக்கிச் சண்டை கேமில் இப்படி எழுத இடமே இல்லை. 2021 ஏப்ரலில் ஏஐ டஞ்சன் என்ற கதை கேமில், தடைசெய்யப்பட்ட உள்ளடக்கத்தைப் பிடிக்க வடிகட்டி போட்டபோது, பிடிபட்ட தனிப்பட்ட கதைகளை ஊழியர்கள் படிக்கக்கூடும் என்று தெரிய வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நிறுவனத்துக்கும் வேறு வழி குறைவு. படிக்காவிட்டால் அசிங்கம் ஓடும், படித்தால் அந்தரங்கம் போகும். வடிகட்டியும் முழுதாக நிற்காது. 2025 மே மாதம் ஃபோர்ட்நைட் என்ற சண்டை கேமில் ஸ்டார் வார்ஸ் பட வில்லனான டார்த் வேடர் கேரக்டரை ஏஐ குரலில் பேசவிட்டார்கள், சில நிமிஷத்தில் ஆட்கள் அதைக் கெட்ட வார்த்தை பேச வைத்துவிட்டார்கள், அவசரமாகத் திருத்த வேண்டியதாயிற்று. பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

வீட்டில் நீங்களே சோதிக்கலாம். கேம் வாங்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமை ஆஃப்லைன் மோடுக்கு மாற்றி, வைஃபையையும் அணைத்துவிட்டு, கேமைத் திறந்து ஏஐ வசதியை ஓட்டச் சொல்லுங்கள். பதில் வந்தால் கணக்கு உங்கள் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. வராவிட்டால் செர்வர். லாகின் கேட்டு கேமே திறக்காவிட்டால் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. பதில் வந்தாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும்: எழுதியதைச் சேர்த்துவைத்து, இன்டர்நெட் வந்ததும் அனுப்பலாம். விண்டோஸில் உள்ள ரிசோர்ஸ் மானிட்டரின் நெட்வொர்க் பகுதியில் கேம் எவ்வளவு அனுப்புகிறது என்று பார்க்கலாம். ஆனால் ஒரு பக்க எழுத்து சில கிலோபைட்தான், ஆகவே குறைவாக அனுப்புகிறது என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். உறுதியாக அடைக்க வேண்டுமென்றால், விண்டோஸ் ஃபயர்வாலில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய், அவுட்பவுண்ட் ரூல்ஸில் அந்த கேமின் இயக்கக் கோப்பைத் தேர்ந்தெடுத்துத் தடுத்துவிடுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோனைத் திறந்து, டெஸ்க்டாப் ஆப்களுக்கான அனுமதியை அணைத்தால் ‘நம் பேச்சைக் கேட்குமா’ என்ற கவலை பெருமளவு குறையும். ஆன்லைன் வகுப்புக்கு மைக் தேவைப்பட்டால் அப்போது மட்டும் திறந்துகொள்ளலாம்.

வாங்குவதற்கு முன்னால் ஸ்டீமில் அந்த கேமின் பக்கத்தைக் கீழே வரை இழுத்துப் பாருங்கள். ஸ்டீமை நடத்தும் வால்வ், 2024 ஜனவரியிலிருந்து ஏஐ பயன்பாட்டைச் சொல்லச் சொல்கிறது. தயாரிக்கும்போது பயன்படுத்தியது வேறு, விளையாடும்போது உண்டாக்குவது வேறு என்று பிரித்துக் கேட்கிறார்கள். இரண்டாவது வகைக்குத் தப்பானது வராமல் என்ன தடுப்பு வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்கிறார்கள். எழுதித் தருவது கேம் செய்தவர்தான், அதனால் சிலர் ஒரே வரியில் மழுப்பியிருப்பார்கள். என்னென்ன இடத்தில், எந்த வேலைக்கு என்று பிரித்து எழுதியிருந்தால் நல்ல அறிகுறி. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மேலே சொன்ன சோதனையை அந்த 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அதிகாரபூர்வ கேமைவிட எனக்குப் பெரிய கவலை மோட்கள். கேமுக்கு வெளியாட்கள் செய்து இலவசமாகப் போடும் ஒட்டு அது. தி சிம்ஸ் வரிசையில் நான்காவதான சிம்ஸ் 4 கேமின் கேரக்டர்களை ஏஐ சாட்பாட்டோடு இணைக்கும் மோட்கள் கிடைக்கின்றன. பெரும்பாலும் ஏபிஐ கீ கேட்கும், அது உங்கள் கார்டோடு இணைந்த சாவி. கேரக்டர் ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் காசு ஓடும். கேமை ஓடவிட்டுத் தூங்கப் போனால் விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கும். கீயைத் திருடுவதும் சுலபம், சாதாரண எழுத்துக் கோப்பில்தான் பல மோட்கள் வைத்திருக்கும். மோட் என்பது வெறும் படமும் அல்ல. சிம்ஸ் 4 ஸ்கிரிப்ட் மோட் கம்ப்யூட்டரில் நிரலையே ஓட்டும், 2024 தொடக்கத்தில் சில மோட்களில் வைரஸ் ஒளித்து வைத்தது பிடிபட்டது. சட்டை, நாற்காலி மோட் என்றால் போடட்டும். ஸ்கிரிப்ட், ஏபிஐ கீ இரண்டும் உங்களைக் கேட்காமல் வேண்டாம்.

படங்கள் விஷயத்தில் வீட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு போதும்: இன்னொருவர் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் கேமுக்குள் ஏற்றக்கூடாது. வகுப்புத் தோழியின் போட்டோவைக் கேரக்டராக்கிக் கல்யாணம் பண்ணி வைத்து, அதைப் படமெடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டால், விளையாட்டு எங்கே முடிந்து தொந்தரவு எங்கே ஆரம்பிக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆபாசமாகிவிட்டால் சட்டத்தில் இடமே இல்லை. குழந்தைகளை அப்படிக் காட்டுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் வரும். பாதிக்கப்பட்ட பக்கத்தில் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளம். தகவல் பாதுகாப்புக்கு 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகள் என்றே வைக்கிறது, பெற்றோர் சம்மதத்தைச் சரிபார்க்கச் சொல்கிறது, அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சட்டப் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், நான் வக்கீல் இல்லை.

மூழ்கிவிடுவாளா என்பதில் உறுதியானது கொஞ்சம்தான். உலக சுகாதார நிறுவனம் கேமிங் டிஸார்டரை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தன்னால் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட கேமுக்கு முன்னுரிமை, கெடுதல் தெரிந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் அந்தப் பெயர். இரண்டு வார லீவில் ராத்திரி பகலாக விளையாடுவது அதில் வராது. ஏஐ கேரக்டர் சேர்ந்தால் இது கூடுமா என்பதற்கு நீண்டகால ஆய்வு வரும் அளவுக்கு இந்த கேம்களுக்கு வயசாகவில்லை. மேலே சொன்ன ஒத்துப்போகும் குணத்தை வைத்துக் கூடலாம் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது எத்தனை மணி நேரம் என்பதைவிட, வீட்டில் சண்டை வந்தால் போய்ச் சொல்வது தோழியிடமா, கேரக்டரிடமா என்பதை. இரண்டாவது என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம், இலவசம்.

அடுத்தவர் உழைப்பு பற்றிய கேள்விக்கு வருகிறேன். தங்கள் ஏஐ வசதிகள் நிறுவனத்துக்குச் சொந்தமான, பதிப்புரிமைச் சிக்கலற்ற தரவில் பயிற்சி பெற்றவை என்று கிராஃப்டான் சொல்கிறது. படம் வரையும் மாடலுக்கு அது சரியாகவே இருக்கலாம், வெளியிலிருந்து சரிபார்க்க வழியில்லை. ஆனால் ஸ்மார்ட் ஸாய்க்கு அடியில் இருக்கும் மொழி மாடல் வேறு நிறுவனங்கள் வழியாக வந்தது. பொது மொழி மாடல்கள் பெரும்பாலும் இணையத்தைப் பெருமளவில் படித்துத்தான் பேசப் பழகுகின்றன. ஆகவே அந்த வாக்கு கேம் முழுவதற்கும் பொருந்துமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. படிக்கவே உரிமை வேண்டுமா என்பது பல நாட்டு நீதிமன்றங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தயாரிப்புக்குள் ஏஐ எவ்வளவு நுழைகிறது என்பதை வெளியே இருப்பவர்கள் அறிவதும் கடினம். 2025 செப்டம்பரில் சிம்ஸின் உரிமையாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை 5,500 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது, அதில் 2,000 கோடி கடன். அந்தக் கடனைச் சமாளிக்க ஏஐயால் செலவு குறையும் என்று முதலீட்டாளர்கள் நம்புவதாகப் பத்திரிகைகள் எழுதின. ஒப்பந்தமும் கடனும் நிச்சயம், ஏஐ பகுதி செய்தி மட்டுமே. அதே வருஷம் அக்டோபரில் கிராஃப்டான் ‘ஏஐ முதலில்’ என்று தன் கொள்கையை அறிவித்து, கணினிக் கட்டமைப்புக்குச் சுமார் 10,000 கோடி வான் ஒதுக்கியது. இது அவர்களே சொன்னது.

மகளின் வேலைக் கனவுக்கு இதிலிருந்து என்ன எடுப்பது? அவளை ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். வீட்டிலிருக்கும் அம்மியையும் குழவியையும் போட்டோ எடுத்து, இன்ஸாயின் படத்திலிருந்து பொருள் செய்யும் வசதிக்குக் கொடுக்கட்டும். முன்பக்கம் அசலாக இருக்கும். பின்பக்கம் கேமராவுக்குத் தெரியாததால் மாடல் ஊகித்து ஏதோ ஒன்றை ஒட்டியிருக்கும். குழவி அம்மியோடு ஒட்டி ஒரே கல்லாகியிருக்கும், அதை உருட்ட முடியாது. ஊஞ்சலைக் கொடுத்தால் சங்கிலியும் பலகையும் ஒன்றாகி ஆடாது. போட்டோவில் விழுந்த நிழல் பொருளின் மேலேயே சாயமாகப் படிந்துவிடும், இரவில் விளக்கைப் போட்டாலும் அந்தப் பகல் நிழல் அங்கேயே இருக்கும். கேம் பொருட்களின் உருவம் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது, இதில் அவை கண்டபடி நெருக்கியடித்திருக்கும். கையால் செய்த நாற்காலிக்குச் சில ஆயிரம் முக்கோணம் போதும், உண்டாக்கியது அதைப்போல் பல மடங்கு தின்னும், அப்படி இருபது பொருள் வைத்தால் வீடே திணறும். இவையெல்லாம் பெரும்பாலும் அலங்காரத்துக்கு வைக்கத்தான் ஆகும். உட்கார முடிகிற நாற்காலிக்கு எங்கே உட்காருவது, எந்தப் பக்கமிருந்து வருவது, தரையில் எத்தனை கட்டம் அடைக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு எளிமையாக வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும்.

கோலத்திலும் இதே கதைதான். சிக்குக் கோலம் கேட்டால் தூரத்துக்கு அழகாக ஒன்று வரும், கிட்டப் போய்ப் பார்த்தால் கோடு பாதியில் அறுந்திருக்கும், புள்ளி மேலேயே ஏறியிருக்கும், ஒரு வரிசையில் ஏழு புள்ளி எதிர்வரிசையில் எட்டு. மாடல் கோலத்தின் தோற்றத்தைப் பிடித்திருக்கிறது, போடும் முறையை இல்லை. உங்கள் மகளுக்கு அந்த முறை தெரியும் என்றால் அது அவள் கையிலிருக்கும் சரக்கு.

இதற்காக வேலை பத்திரம் என்று சொல்லிவிட மாட்டேன். நம் நாட்டு ஸ்டூடியோக்களில் பெரும்பகுதி வெளிநாட்டு கேம்களுக்குச் செய்துகொடுக்கும் வேலை: நாற்காலி, பெட்டி, செடி, சுவர். இதில் முதல் வரைவு, சாயம், வேறு நிறத்தில் பத்து மாதிரி போன்றவை சுருங்கும் என்றே நினைக்கிறேன், புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுப்பதும் அதுதான். அசைவைப் பொருத்துவது, தாறுமாறான உருவத்தைச் சீராக்குவது, கேமை ஓட்டும் மென்பொருளான எஞ்சினில் வைத்துச் சோதிப்பது ஆகியவை அவ்வளவு சீக்கிரம் போகாது. மூடும் ஸ்டூடியோவையெல்லாம் ஏஐ கணக்கில் எழுதவும் வேண்டாம். 2025 பிப்ரவரியில் பெங்களூரில் அனிமேஷன், கிராபிக்ஸ் நிறுவனமான டெக்னிகலர் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்ததற்குக் காரணம் தாய்க் குழுமத்தின் நிதிச் சரிவு. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் அனிமேஷன் பயிற்சி மையத்தில் பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு சேர்ப்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள். முப்பரிமாண உருவம் செய்யும் பிளெண்டர், படம் வரையும் கிரிட்டா இரண்டும் இலவசம். ஒரு வருஷத்தில் அவள் ஊஞ்சலைச் செய்து, ஆட்டி, காசில்லாத கோடாட் எஞ்சினுக்குள் ஓடவிட்டால் ஆர்வம் நிஜமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிளஸ் ஒன்னில் கணிதம் உள்ள பிரிவை எடுத்தால் பின்னால் நிரல் பக்கமும் கதவு திறந்திருக்கும்.

இனி கம்ப்யூட்டர். இன்ஸாய் குறைந்தபட்சம் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2060 கிராபிக்ஸ் கார்டும் 12 ஜிபி ரேமும் கேட்கிறது, பரிந்துரைப்பது ஆர்டிஎக்ஸ் 3070, 16 ஜிபி. குறைந்தபட்சத்தில் வாங்கினால் ஸ்மார்ட் ஸாயைத் திறந்ததும் மெமரி நெருக்கடியில் படம் தட்டும், அதனால் 8 ஜிபி மெமரிக்குக் குறைந்த கார்டு வேண்டாம். கேம் வெளியான சமயத்தில் ஸ்மார்ட் ஸாய்க்கு என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டே தேவைப்பட்டது, மற்ற நிறுவனத்துக் கார்டில் கேம் ஓடினாலும் அந்த வசதி ஓடவில்லை. விளையாடும்போது முழு கம்ப்யூட்டரும் 350 வாட் இழுத்தால், தினம் 4 மணி நேரத்துக்கு 1.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 84 யூனிட். 500-ஐ ஒட்டி நிற்கும் வீடென்றால் விகிதமே மாறிவிடும், அதையும் கணக்கில் சேருங்கள். அவசரமில்லை என்றால், சிம்ஸ் 4 அடிப்படை கேம் 2022 அக்டோபரிலிருந்து இலவசம், தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத 8 ஜிபி கம்ப்யூட்டரிலும் ஓடும். கூடுதல் பேக்குகள்தான் காசைக் கரைக்கும், ஆகவே உங்கள் கார்டு விவரத்தை அந்தக் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள். பிளெண்டருக்கும் 8 ஜிபி ரேம் ஆரம்பத்துக்குப் போதும். இருக்கும் கம்ப்யூட்டரில் இந்த இரண்டையும் ஆறு மாதம் ஓட்டட்டும். அதற்குள் இன்ஸாயும் இன்னும் சில அப்டேட் கண்டிருக்கும், அந்த ஸ்டீம் பக்கத்து ஏஐ குறிப்பு மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கார்டு வாங்கலாம்.